நான்கு குழியும் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு புள்ளியும்

ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள் தம்பி. அங்கேயே, அந்த மரத்தட்டில் வையுங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், இந்த ஊர் மேயர் வந்தாலும் இதே பேச்சுத்தான். காற்று தணிந்தால்தான் மலைப்பாதையைத் திறப்பார்கள். சாயங்காலம் ஆகும். வழியில் மாட்டிக்கொள்கிறவர்களை மீட்புப் படைக்காரர்கள் இந்த விளையாட்டுக் கூடத்துக்குத்தான் கொண்டுவந்து விடுவார்கள். மெத்தை இருக்கிறது, காபி இருக்கிறது. உங்கள் வீட்டம்மா அந்த ஓரத்தில் கண்ணயரட்டும். நீங்கள் இப்படி உட்காருங்கள்.

கோயம்புத்தூரா? நான் தூத்துக்குடிப் பக்கம். பெயர் பெர்க்மான்ஸ். கப்பலில் சமையலாளாக வந்தேன். எஞ்சின் பழுது என்று இந்த ஊர்த் துறையில் நாற்பது நாள் நிறுத்தினார்கள். கப்பல் போய்விட்டது, நான் நின்றுவிட்டேன். முப்பது வருடம் ஆகிறது. முதலில் மீன் ஆலையில் வேலை. விரல் மரத்துப்போகத் தொடங்கியதும் இந்தக் கூடத்துக்குக் காவலாள் வேலைக்கு மனுப் போட்டேன். ஐஸ்லாந்திலும் பெர்க்மான் என்று ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது. மனுவைப் பார்த்துவிட்டு எவனோ உள்ளூர்க்காரன் வருவான் என்று உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் நின்றேன். திருப்பி அனுப்ப வெட்கப்பட்டுக்கொண்டு வேலையைக் கொடுத்துவிட்டார்கள்.

சாவியைக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார்கள். "தரை புதுசு. ஊரே உழைச்சு போட்ட தரை. இனிமே உன் பொறுப்பு." இருபத்தெட்டு மீட்டர் நீளம், பதினைந்து மீட்டர் அகலம். ஐந்தாம் வகுப்போடு நின்றவனிடம் அதுவரை யாரும் எதையும் பொறுப்பு என்று ஒப்படைத்ததில்லை. இருபத்து நான்கு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். குனிந்து பாருங்கள், உங்கள் முகம் தெரியும்.

அங்கே என்ன பார்க்கிறீர்கள்? மேலே தொங்குகிறதே, அந்தச் சட்டையா? ஒன்பதாம் எண். அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

சரி, கேட்டுவிட்டீர்கள்.

ஸ்டைனர் என்று ஒருவன். இந்த ஊர்க் கூடைப்பந்து அணியில் இருபத்திரண்டு வருடம். இரண்டு வருடம் தலைநகரத்து அணிக்குப் போனான், அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, சொல்லிக்கொள்ளாமல் போனான். மிச்சம் இருபது வருடத்தில் இந்த ஊருக்காக அவன் போட்டது ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு புள்ளி. பத்திரிகையில் நானூற்றுப் பத்து என்று போட்டான். தப்பு. ஒரு நவம்பர் மாத ஆட்டத்தில் இரண்டு புள்ளியைக் கணக்கு எழுதுகிறவர் வேறு ஒருவன் பேரில் எழுதிவிட்டார். நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அவனைப் பிடிக்காது, அது வேறு விஷயம். கணக்கு கணக்குத்தானே.

பதினேழு வயதில் வந்தான். ஆறடி ஏழு அங்குலம், உடம்பு துடுப்புக் கட்டை மாதிரி. வலது கையால் எறிவான். அந்த எறிதல் எப்படி இருக்கும் என்றால், பந்து வளையத்தைத் தொடாது. வலையை மட்டும் தொடும். சரக் என்று ஒரு சத்தம். என் அறையில் உட்கார்ந்துகொண்டு, கதவு சாத்தியிருந்தாலும், எறிந்தது அவனா வேறு யாருமா என்று சொல்லிவிடுவேன். ஒரே ஆட்டத்தில் ஐம்பத்தொன்று போட்டிருக்கிறான். அன்றைக்குத் தரையெல்லாம் வியர்வை. துடைத்தவன் யார்? ஆட்டம் முடிந்து பேட்டி கொடுத்தான். கோச்சுக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி, வாஃபிள் சுட்டுத் தருகிற குட்ரூனுக்கு நன்றி. இந்தக் குட்ரூன்தான் எங்கள் கிளப்பின் எல்லாமும். டிக்கெட் கிழிப்பது, கடிகாரம் ஓட்டுவது, வாஃபிள் சுடுவது. கட்டம் போட்ட ஆப்பம் மாதிரி ஒன்று. அதற்கு நன்றி சொல்லத் தோன்றியது. தரைக்குத் தோன்றவில்லை.

ஆனால் நான் கோபப்பட்டது அதற்கில்லை. அந்தக் கோபத்துக்குச் சாட்சி இருக்கிறது. இப்படி வாருங்கள், வாசலுக்கு நேரே. ஆட்டக்களத்து எல்லைக் கோட்டுக்கு உள்ளே நான்கு குழி தெரிகிறதா? சதுரமாக, மிளகு அளவு. பக்கத்தில் இன்னும் நான்கு இருக்கிறது, அதை இப்போது பார்க்க வேண்டாம். முதல் நான்கைப் பாருங்கள். அது அவன் வேலை.

பதினோரு வருடத்துக்கு முன்னால். எங்கள் அணி எப்போதும் இரண்டாம் லீகில்தான். மேல் லீக் என்று ஒன்று உண்டு. டெலிவிஷனில் வரும், தலைநகரத்துக்காரர்கள் வந்து ஆடுவார்கள். இந்த ஊர் ஒரு தடவையும் அதில் ஏறியதில்லை. தலைநகரத்திலிருந்து ஸ்டைனர் திரும்பி வந்ததே அதற்காகத்தான் என்பார்கள். இந்த ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேல் லீகில் ஒரு ஆட்டமாவது ஆட வேண்டும். அது ஒன்றுதான் அவனுக்கு ஆசை. பெரிய கிளப்புகள் கூப்பிட்டும் போகவில்லை. அந்த வருடம் வாய்த்தது. கடைசி ஆட்டம், எங்கள் கூடத்தில், அக்கரைக்காரர்களோடு. கடல் உள்ளே நுழைந்து நிற்கிறதே, அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். இவர்களுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது, அவர்களுக்கு இவர்களை. ஜெயிப்பவர்கள் மேலே போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி ஆட்டம். இங்கே ஆடுகிறவர்களுக்கெல்லாம் வேறு வேலை உண்டு. ஸ்டைனர் மீன்பிடிக் கப்பலில் எஞ்சின் பார்ப்பவன். காலையில் வந்து சேர வேண்டிய கப்பல் வரவில்லை. ஆட்டம் தொடங்கிவிட்டது. முதல் கால் பாகம் முடியும்போது நாங்கள் பன்னிரண்டு புள்ளி பின்தங்கி நின்றோம். நானூறு பேர் கூடத்தில், ஒரு சத்தம் இல்லை.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். துறையிலிருந்து ஓடி வந்திருக்கிறான். தாடியெல்லாம் பனிக்கட்டி. கூடமே எழுந்து நின்றது. கோச் "வா, வா" என்று கையை ஆட்டுகிறார். இவன் கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்தான்.

காலில் என்ன தெரியுமா? பூட்ஸ். பூட்ஸுக்கு அடியில் இரும்பு முள். பனியில் வழுக்காமல் இருக்க இந்த ஊரில் எல்லோரும் கட்டிக்கொள்வார்கள், தெருவில் நடக்கத்தான் அது. நறுக் என்று நான்கு குழி. என் நெஞ்சில் இறங்கின மாதிரி இருந்தது தம்பி.

துடைப்பக் கட்டையைக் குறுக்கே பிடித்தேன். "கழற்று" என்றேன்.

"பெர்க்மான், இப்ப வேணாம்" என்றான்.

"கழற்று."

ஒரு அடி பின்னால் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தான். முள்ளைப் பூட்ஸ் கயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தான். கடல்தண்ணீர் பட்டு, காற்றில் உறைந்து, முடிச்சு கல்லாகிக் கிடந்தது. இழுக்கிறான், இழுக்கிறான், வரவில்லை. கோச் கத்துகிறார். குட்ரூன் கடிகார மேசையிலிருந்து என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறை. நான் கட்டையை எடுக்கவில்லை. ஒரு நாலு நிமிடம் ஆகியிருக்கும். ஒன்பது நிமிடம் என்று ஊரில் சொல்வார்கள். ஊர் எதையும் பெரிதாக்கும். கயிற்றை அறுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அறுத்திருக்கலாம். கத்தி என் அறையிலேதான் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

அப்புறம் ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினான். இறங்கி முப்பத்தொரு புள்ளி போட்டான். நான் அறைக்குள் போகவில்லை, தரையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே, அங்கேயே நின்றேன். பன்னிரண்டு, பத்து, ஏழு, நான்கு என்று குறைந்து குறைந்து கடைசியில் அவர்கள் எழுபத்து மூன்று, நாங்கள் எழுபத்திரண்டு. ஆட்டம் முடிய இரண்டு விநாடி. அவனுக்கு ஃப்ரீ த்ரோ. யாரும் மறிக்க மாட்டார்கள், நின்ற இடத்தில் நின்று நிதானமாக எறியலாம். இரண்டு பந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி.

இரண்டையும் விட்டுவிட்டான்.

இதற்கு நானா பொறுப்பு? சொல்லுங்கள். யாரும் மறிக்காத பந்து. முடிச்சை இழுத்ததில் வலது கை நடுவிரல் நகம் பெயர்ந்துபோயிருந்தது என்றார்கள். அவசரப்பட்டால் அப்படித்தான் ஆகும்.

இந்த ஊரில் ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியும், பார்க்க வந்தவர்களும் வெந்நீர்த் தொட்டிக்குப் போவார்கள். வெளியே, திறந்த வெளியில் இருக்கும். கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து பேசிப் பேசிச் சண்டையை முடித்துக்கொள்வார்கள். நானும் போனேன். நான் காலை வைத்ததும் ஒருவன், "பெர்க்மான், பூட்ஸைக் கழட்டிட்டியா?" என்றான். குட்ரூன் விடுவாளா? "நாட்டுல எத்தனையோ பேர் ஸ்டைனரைத் தடுக்கப் பார்த்தாங்க. ரெண்டு ஆள், மூணு ஆள் நின்னு பார்த்தாங்க. ஒண்ணும் ஆகல. தனி ஆளா நின்னு தடுத்தது இவன் ஒருத்தன்தான். துடைப்பத்தோட." எல்லோரும் சிரித்தார்கள். அக்கரைக்காரர்கள் எனக்குக் கை கொடுத்தார்கள். நான் அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஸ்டைனர் மூலையில் கையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

அதுதான் என் வழக்கு. ஒரு சொல். "மன்னிச்சிரு, தரையைக் கெடுத்திட்டேன்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு இல்லாவிட்டால் மறுநாள் சொல்லியிருக்கலாம். பதினோரு வருடம் சொல்லவில்லை. நானும் அவனோடு தேவைக்கு மேல் பேசவில்லை.

தேவை என்றால், காலையில் பார்த்துக்கொள்வோமே, அதற்குத்தான். அந்த ஆட்டத்துக்கு அடுத்த வாரத்திலிருந்து, கரையில் இருக்கிற நாளெல்லாம் ஆறு மணிக்கு வந்து நின்றான், ஃப்ரீ த்ரோ பழக. நான் கதவைத் திறப்பேன். அவன் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சாக்ஸோடு நடந்து, கோட்டுக்கு உள்ளே போய் ஆட்ட ஷூவை மாட்டுவான். அதைச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம் ஒரு தடவையும் தப்புப் பண்ணவில்லை. இருநூறு பந்து எறிவான். பந்து உருண்டு மூலைக்குப் போனால் தூசியை இழுத்துக்கொண்டு வரும், அதனால் நான் வளையத்துக்குக் கீழே நின்று பிடித்துத் திருப்பிப் போடுவேன். தரைக்காகத்தான். அப்படி நிற்கும்போது சும்மா நிற்க முடியுமா, எண்ணுவேன். இருநூற்றில் நூற்று எண்பத்தாறு, நூற்றுத் தொண்ணூற்றொன்று. ஒரு நாள் இருநூறும் விழுந்தது. பிப்ரவரி ஒன்பது. காபி மட்டும் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரி பெயர் பிரகாசி. மீன் ஆலையில் இன்னும் வேலை பார்க்கிறாள். அவள் கேட்பாள். "ஏங்க, ஒங்களுக்கு வேலை எட்டு மணிக்குத்தானே? ஆறு மணிக்குப் பனியில எங்க ஓடுறீக?"

"திறந்து வைக்கணும்ல."

"அந்தப் பயலப் புடிக்காதுன்னு சொல்றீக."

"பிடிக்காதுதான்."

"சரி சரி. மஃப்ளரச் சுத்திக்கிட்டுப் போங்க. போன வாரம் ஒரு ஃபிளாஸ்க்கு கொண்டு போனீக, இப்ப ரெண்டு கொண்டு போறீக. புடிக்காதவனுக்கு நல்லாத்தான் போவுது."

அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

மேல் லீகுக்கு இந்த ஊர் அப்புறமும் போகவில்லை. கிட்டே கூடப் போகவில்லை. அந்த ஒன்பதாயிரத்துச் சொச்சம் புள்ளியும் இரண்டாம் லீகில் போட்டதுதான். அவனுக்கு இந்த வருடம் முப்பத்தொன்பது வயது. முழங்கால் போய்விட்டது, நிறுத்துகிறேன் என்றான். போன சனிக்கிழமை கடைசி ஆட்டம். முடிந்ததும் அந்தச் சட்டையை மேலே ஏற்றுவார்கள், பேசுவான். எனக்கு ஒரே நினைப்புத்தான். இதோடு போனால் இனி ஆறு மணிக்கு வர மாட்டான். அந்த ஒரு சொல்லைச் சொல்வதென்றால் இன்றைக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எப்போதும் இல்லை. இதை நான் பிரகாசியிடம் சொன்னேன். அவள் வாஃபிள் கடையில் குட்ரூனுக்கு உதவிக்கு நின்றாள். "நீங்க போய் வாசப் பனிய அள்ளுங்க, ஜனம் வழுக்கி விழப் போவுது" என்றாள்.

போனேன். பனி விடாமல் கொட்டுகிறது. மண்வெட்டியால் தள்ளத் தள்ள மூடுகிறது. உள்ளே கைதட்டுகிறார்கள், சட்டை ஏறுகிறது போல. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு ஒரு காதால் கேட்டுக்கொண்டே அள்ளுகிறேன். கோச்சுக்கு நன்றி. அம்மாவுக்கு நன்றி. குட்ரூனின் வாஃபிளுக்கு நன்றி. அதே பாட்டு. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

அப்புறம் சொன்னான். "ஒரு ஆள்கிட்ட நான் பதினோரு வருஷமா சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. பெர்க்மான் எங்க? பெர்க்மான், இங்க வா."

மண்வெட்டியைப் போட்டேன். ஓடினேன். அறுபத்து நான்கு வயதில் அப்படி ஓடியிருக்கக் கூடாது. வாசலைத் தாண்டி, மரத்தட்டைத் தாண்டி, கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்தேன்.

நறுக்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும் தம்பி. இந்த உலகத்தில் வேறு யாருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரியாது.

நான் குனிந்து பார்க்கவில்லை. நானூறு பேர் பார்த்தார்கள், நானூறு பேரும் என் காலைத்தான் பார்த்தார்கள். ஸ்டைனர் மைக்கைக் கீழே வைத்தான். சுவரில் சாய்த்திருந்த என் துடைப்பத்தை எடுத்தான். நொண்டிக்கொண்டே வந்து என் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டையைப் பிடித்தான்.

"கழற்று" என்றான்.

கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி சிரித்தார்கள். அக்கரையிலிருந்து வந்திருந்தவர்கள்கூட. நான் ஒரு அடி பின்னால் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் பனியில் நின்றிருக்கிறேன், முடிச்சு இறுகிக் கிடக்கிறது. என் விரல்தான் மரத்த விரல் ஆயிற்றே, இழுத்தால் இழுபடவில்லை. "கத்தி என் அறையில இருக்கு" என்றேன்.

"வேணாம், கையாலயே ஆகட்டும்" என்று சொல்லி அவன் தரையில் மண்டி போட்டான். அவ்வளவு பெரிய ஆள், போன முழங்கால். முடிச்சில் கை வைத்தான். அந்த நடுவிரல் நகம் இன்னும் கோணலாகத்தான் முளைத்திருக்கிறது. தினம் ஆறு மணிக்குப் பார்க்கிற கைதான். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குனிந்தபடியே மெதுவாகச் சொன்னான். "உனக்கு வேலை எட்டு மணிக்குன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். ஏன் ஆறுக்கு வர்றேன்னு கேக்கல. கேட்டா நிறுத்திருவியோன்னு பயம். அதைத்தான் சொல்லணும்னு கூப்பிட்டேன்."

என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது.

"என்ன சொன்ன?" என்றான்.

"தரையைக் கெடுத்திட்டேன். மன்னிச்சிரு."

அவன் முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி" என்றான். அவ்வளவுதான். "சரி."

இரண்டு பூட்ஸும் கழன்றபோது எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஏன் என்று பார்த்தால், குட்ரூன் நான் உட்கார்ந்த நிமிடமே ஆட்டக் கடிகாரத்தை ஓட விட்டிருக்கிறாள். பலகையில் பெரிதாக நிற்கிறது, எட்டு நிமிடம் ஐம்பது விநாடி. வாஃபிள் கடையிலிருந்து பிரகாசி தமிழில் கத்துகிறாள். "நாலா ஒன்பதான்னு இப்பவாவது எண்ணிக்கிடுங்க." அந்தக் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடும். அப்படியே பார்த்தாலும் ஒன்பது இல்லையே.

ஆக, விஷயம் என்ன? அந்தச் சொல்லை அவன் இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. சொன்னது நான். கெட்டிக்காரன், என் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தான் சொல்லாமல் போய்விட்டான். நான் சும்மா விடுவதாக இல்லை.

போய்விட்டான் என்றா சொன்னேன்? எங்கே போனான். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தேன், பழக்கம், கை தானாகத் திறக்கிறது. வாசலில் நிற்கிறான், ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு. "ஆட்டந்தான் முடிஞ்சு போச்சே, இனி எதுக்கு?" என்றேன். "நூத்துத் தொண்ணூத்தாறுதான் போன வாரம். நாலு பாக்கி" என்றான். இரண்டு பந்து அவனுக்கு இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. நாளைக்கும் வருவான். நாளைக்குக் கேட்டுவிடுவேன்.

வெளியே விளக்கு சுழல்கிறது பாருங்கள், மீட்புப் படை வண்டி. பாதை திறந்துவிட்டது. வீட்டம்மாவை எழுப்புங்கள். இந்த ஃபிளாஸ்க்கில் காபி இருக்கிறது, வழியில் குடியுங்கள். ஃபிளாஸ்க்கை வரும்போது கொடுத்தால் போதும், இன்னொன்று இருக்கிறது.

ஒரு நிமிடம் தம்பி. அந்தப் பக்கமாகப் போகாதீர்கள், கோட்டு ஓரமாகச் சுற்றிப் போங்கள். அந்தக் குழிகளை மெழுகு வைத்து அடைக்கிறோம் என்று நகராட்சிக்காரர்கள் வந்தார்கள். விடவில்லை. எட்டும் அப்படியே இருக்கட்டும். முதல் நான்கு அவனுடையது, இந்த நான்கு என்னுடையது. என்னுடையதில் ஆழம் குறைவு. குனிந்து பாருங்கள். இன்னும் கொஞ்சம் குனியுங்கள்.

குறைவுதானே?